சிறு சண்டை ரோபோ: உடைந்து திருந்திய வரலாறு

சண்டை ரோபோ என்பது ரேடியோ அலை வழியாக மனிதர் ஓட்டும் ஒரு பொறி. சுற்றிலும் அடைக்கப்பட்ட களத்துக்குள் எதிர்ப் பொறியைக் கவிழ்ப்பது, உடைப்பது அல்லது நகரவிடாமல் முடக்குவது அதன் வேலை. ஒரு சண்டை இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். பத்து விநாடி எண்ணி முடிக்கும்வரை அசையாமல் கிடந்த பொறி தோற்றதாகும். இரண்டும் ஓடிக்கொண்டிருந்தால், முன்சென்று தாக்கிய துணிவு, ஓட்டிய திறமை, விளைவித்த சேதம் ஆகியவற்றைப் பார்த்து நடுவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். இந்தச் சில நிமிடங்களுக்கு முன்னும் பின்னும் பட்டறை மேசையில் கழியும் வாரங்களே இக்கலையின் பெரும்பகுதி. எது முறிந்தது, ஏன் முறிந்தது என்று பார்த்து அடுத்த பொறியை மாற்றிக் கட்டியவர்களே இதை வளர்த்தார்கள். அதனால் இதன் வரலாறு பெரும்பாலும் திருத்தங்களின் வரலாறாகவே இருக்கிறது.

1978இல் சான் பிரான்சிஸ்கோவில் மார்க் போலின் தொடங்கிய 'சர்வைவல் ரிசேர்ச் லபோரட்டரீஸ்' என்ற கலைக்குழு, தொழிற்சாலைக் கழிவுகளிலிருந்து கட்டிய பாரிய பொறிகளை மக்கள் முன்னிலையில் ஒன்றையொன்று சிதைக்கவிட்டது. அதில் நிறைப் பிரிவும் இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. போட்டி என்று சொல்லத்தக்கது 1987ஐ ஒட்டி டென்வர் நகரில், அறிவியல் புனைகதை விரும்பிகள் கூடும் மாநாட்டில் 'கிரிட்டர் கிரஞ்ச்' என்ற பெயரில் பிறந்தது. 1991இல் அதன் வழியில் 'ரோபோ பட்டில்ஸ்' தொடங்கியது. ஏறக்குறைய அதே காலத்தில் ஜப்பானில் ரோபோ சுமோ வேரூன்றியது. 3 கிலோகிராமுக்கு மேற்படாத, 20 சென்ரிமீற்றர் சதுரத்துக்குள் அடங்கும் பொறிகள் ஒன்றையொன்று வட்டத்துக்கு வெளியே தள்ளும் விளையாட்டு அது. நிறையையும் அளவையும் வரையறுத்துவிட்டால் பணபலம் பின்தங்கி அறிவு முன்னுக்கு வரும் என்பதைத் தெளிவாகக் காட்டியது ரோபோ சுமோ. பிந்திய சிறு சண்டை ரோபோக்கள் அனைத்தும் அந்தத் தத்துவத்தின் மேலேயே நிற்கின்றன.

சண்டை ரோபோவை உலகறியச் செய்தவர் மார்க் தோர்ப். திரைப்பட இயக்குநர் ஜோர்ஜ் லூக்காஸின் நிறுவனங்களில் மாதிரியுருக்களும் விளையாட்டுப் பொருள்களும் வடிவமைத்தவர். 1992இல் தூரத்திலிருந்து இயக்கக்கூடிய ஒரு தூசு உறிஞ்சியைச் செய்ய முயன்றார், அது சரிவரவில்லை. அதே அடிச்சட்டத்தில் வெட்டும் கருவிகளைப் பொருத்தினால் என்ன என்ற எண்ணம், 1994 ஓகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவின் போர்ட் மேசன் மண்டபத்தில் 'ரோபோ வோர்ஸ்' என்ற போட்டியாக வடிவெடுத்தது. 1997 வரை அது ஆண்டுதோறும் நடந்தது.

அந்த ஆரம்ப ஆண்டுகளிலேயே பிற்கால வடிவங்களின் கரு முழுவதும் இருந்தது. 1995இல் கிரெக் மன்சனும் ட்ரே ரொஸ்கியும் கொண்டுவந்த 'லா மஷீன்' ஓர் ஆப்பு மட்டுமே. ஆயுதம் என்று தனியாக எதுவும் இல்லை. தாழ்ந்த சரிவை எதிரியின் அடியில் நுழைத்து வேகத்தால் தூக்கி எறிந்தது. அதே ஆண்டு ஜேமி ஹைன்மன், அடம் சாவேஜ் இருவரும் கொண்டுவந்த 'பிளெண்டோ' இதற்கு நேர் எதிரானது. கவிழ்த்த தாச்சி போன்ற உருக்கு ஓடு முழுவதையும் புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினால் சுழற்றினார்கள். பட்ட பொறிகளின் துண்டுகள் தடுப்புச் சுவரைத் தாண்டிப் பறந்தன. அமைப்பாளர்கள் அச்சமுற்று, கூட்டுப் பரிசு கொடுத்து அதைப் போட்டியிலிருந்து நிறுத்திக்கொண்டார்கள். களத்தின் சுவர் ரோபோவைவிட வலுவாக இருக்கவேண்டும் என்ற பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1996இல் கார்லோ பெர்ட்டோச்சினி கட்டிய 'பயோஹசார்ட்' மூன்றாவது வழியைக் காட்டியது. சில அங்குலமே உயரமான தட்டை உடல், சுற்றிலும் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் தகடுகள், நடுவில் மெல்ல எழும் தூக்குக் கை. எந்த ஆப்பாலும் அதன் அடியில் எளிதில் நுழைய முடியவில்லை. ஆப்பு, சுழலி, தூக்கி என்ற இந்த மூன்று குடும்பங்களின் மோதலே இன்றுவரை தொடர்கிறது.

1998 பெப்ரவரியில் பிபிசி 2 அலைவரிசையில் பிரித்தானிய 'ரோபோ வோர்ஸ்' ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதன் முதல் தொடரின் வெற்றிப் பொறியான 'ரோட்பிளொக்' கோர்ன்வோல் பகுதியிலுள்ள பொட்மின் நகரப் பாடசாலை அணியின் கைவேலை. இந்த விளையாட்டின் தொடக்கத்திலேயே ஒரு பாடசாலை முதலிடம் பெற்றிருக்கிறது என்பது ஆசிரியர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி. மன்சனும் ரொஸ்கியும் 1999இல் கலிபோர்னியாவின் லோங் பீச்சில் 'பட்டில்பொட்ஸ்' போட்டியைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு அதுவும் தொலைக்காட்சிக்கு வந்தது.

தொலைக்காட்சி புகழைக் கொடுத்தது, கூடவே ஒரு தடையையும் கொண்டுவந்தது. திரையில் தெரிந்த பொறிகள் 100 கிலோவை நெருங்கியவை. அவற்றைக் கட்ட உருக்கு வேலைப் பட்டறை வேண்டும், ஏற்றிச் செல்ல வாகனம் வேண்டும், உடைந்தால் திரும்பக் கட்ட மாதக் கணக்கான சம்பளம் வேண்டும். இதற்கு விடையாக 1990களின் முடிவில் பிரித்தானிய ஆர்வலர்கள் 'எறும்பு நிறை' என்ற பிரிவை உருவாக்கினார்கள். உச்ச நிறை 150 கிராம். சண்டைக்கு முன் 4 அங்குலக் கனசதுரப் பெட்டிக்குள் முழுவதும் அடங்கவேண்டும். அமெரிக்காவில் அதே 150 கிராமுக்கு வேறு பெயர் வைத்து, எறும்பு நிறையை ஓர் இறாத்தல், அதாவது 454 கிராம் என்று வகுத்தார்கள். அதற்கு மேல் 3 இறாத்தல் வண்டு நிறை. பிரித்தானியாவில் அது 1.5 கிலோகிராம். கொனெக்ரிகட் மாநிலத்தின் நோர்வோக் நகரில் இப்போது நடக்கும் பெரிய போட்டித் தொடரின் அடித்தளமும் 3 இறாத்தல் பிரிவுதான்.

சிறு பிரிவின் உண்மையான பெறுமதி மலிவில் மட்டும் இல்லை, திருத்தும் வேகத்தில் இருக்கிறது. பெரிய பொறியைக் கட்டுபவர் ஆண்டுக்கு ஒரு தடவை பாடம் கற்கிறார். 150 கிராம் பொறியைக் கட்டுபவர் காலையில் தோற்று, மதியத்துக்குள் முன்தகட்டை மாற்றி, மாலையில் மீண்டும் களமிறங்கலாம். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு ஏற்றப்படும் பட்டங்கள் ஆண்டுக்காண்டு புதுமையடைவதும் இப்படித்தான்: மூங்கிலும் தாளும் கைக்கெட்டும் விலையில் இருப்பதால், பிழைத்துப்போன பட்டத்துக்காக எவரும் கைகட்டி உட்காருவதில்லை.

திருத்தங்களுள் முதலிடம் பற்றரிக்கு. 1990களின் பொறிகள் ஈய-அமிலப் பற்றரியிலோ நிக்கல்-கட்மியப் பற்றரியிலோ ஓடின. நிக்கல்-கட்மியம் ஒரு கலத்துக்கு 1.2 வோல்ற்று; ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 40 முதல் 60 வாற்று-மணி சக்தி. லிதியம் பொலிமர் ஒரு கலத்துக்கு 3.7 வோல்ற்று, அதே நிறையில் அதன் மூன்று மடங்களவு சக்தி. 2000களில் விளையாட்டு விமானக்காரர்கள் வழியாக இது பரவியபோது 150 கிராம் ரோபோவின் கணக்கே மாறிவிட்டது. முன்பு பற்றரி விழுங்கிய நிறை கவசத்துக்கும் ஆயுதத்துக்கும் கிடைத்தது. ஆனால் லிதியம் பொலிமர் பொல்லாதது. ஒரு கலம் 4.2 வோல்ற்றைத் தாண்டக்கூடாது, 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கக்கூடாது, குத்துப்பட்டால் தீப்பற்றும். பற்றரியை உடலின் நடுவில், மென்மையான உறைக்குள், கூரான திருகாணி முனைகளிலிருந்து விலக்கி வைக்கும் பழக்கம் எரிந்துபோன பொறிகளைப் பார்த்து வந்தது.

மோட்டரின் கதை இதன் இரட்டை. நியோடிமியம் காந்தங்கள் 1980களில் சந்தைக்கு வந்தபின் விரலளவு மோட்டர்களுக்கும் பெரும் வலு கிடைத்தது. தொடக்கத்தில் கார்பன் தூரிகை உள்ள மோட்டர்களே சில்லுகளையும் ஆயுதத்தையும் சுழற்றின. தூரிகையற்ற மோட்டர் ஆயுதத்துக்கு விரைவில் வந்துவிட்டது. சில்லுகளுக்கு வரத் தாமதமானது. நின்ற நிலையிலிருந்து மெல்லப் புறப்படும்போது அது உதறியது. 2010களில் ட்ரோன் பெருகியதும் வேகக் கட்டுப்படுத்திகள் மலிந்து மேம்பட்டன, அந்தக் குறையும் பெரும்பாலும் தீர்ந்தது. இன்று எளிய 150 கிராம் பொறியொன்றில் இருபுறமும் ஏறத்தாழ 10 கிராம் நிறையுள்ள கியர் மோட்டர் ஒவ்வொன்றும், நடுவில் ட்ரோனுக்குரிய ஒரு மோட்டர் ஆயுதத்துக்கும் இருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை சண்டை ரோபோவுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. பிறருக்காகச் செய்யப்பட்டதை எடுத்து, அதன் தாங்குதிறனைத் தாண்டி உழைக்கவைப்பது இக்கலையின் இயல்பு.

ரேடியோவில் வந்த மாற்றம் அமைதியானது, ஆனால் போட்டிகளின் முகத்தையே மாற்றியது. பளிங்குத் துண்டால் அலைவரிசை நிர்ணயிக்கப்பட்ட காலத்தில் ஒரே வரிசையில் இருவர் கருவியை இயக்கினால் ஒருவரின் ரோபோ மற்றவரின் கைக்குப் போய்விடும். 2005ஐ ஒட்டி வந்த 2.4 கிகாஹேர்ட்ஸ் கருவிகள் ஒவ்வொரு அனுப்பியையும் அதன் வாங்கியுடன் பிணைத்தன. தொடர்பு அறுந்தால் மோட்டர்கள் தாமாக நிற்கவேண்டும் என்பது போட்டி விதியாகவே ஆனது. புதியவர்கள் இந்தச் சோதனையை அலட்சியம் செய்வதுண்டு. அனுப்பியை அணைத்துப் பார்த்து ஆயுதம் நிற்கிறதா என்று உறுதிசெய்யாத ரோபோ களத்துக்குள் நுழையத் தகுதியற்றது.

ஆயுதத்தில்தான் கணிதம் மிகுதியாக வேலை செய்தது. சுழலும் தட்டின் வேகத்தை இரட்டித்தால் அதில் சேரும் சக்தி நான்கு மடங்காகும். இதை நம்பி வேகத்தை மட்டும் கூட்டியவர்கள் ஏமாந்தார்கள், ஏனெனில் வேகமான தட்டு கடிப்பதில்லை, உரசித் தீப்பொறி மட்டுமே கிளப்புகிறது. நிமிடத்துக்கு 10,000 சுற்றுச் சுழலும் தட்டு விநாடிக்கு ஏறத்தாழ 167 சுற்றுச் சுழல்கிறது. இரு பொறிகளுக்கும் இடையிலான தூரம் விநாடிக்கு 2 மீற்றர் வீதம் குறைந்தால், ஒரு சுற்று முடிவதற்குள் எதிரி 12 மில்லிமீற்றர்தான் முன்னேறியிருக்கும். தட்டில் ஒரே பல் இருந்தால் அந்த 12 மில்லிமீற்றர் முழுவதும் கடிக்குள் வரும். இரண்டு பல் இருந்தால் 6 மட்டுமே. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டபின் இரட்டைப் பல் தட்டுகள் குறைந்து, ஒரு பக்கம் பல்லும் மறுபக்கம் அதைச் சமன்செய்யும் நிறையும் கொண்ட கோணலான தட்டுகள் வந்தன.

நிலைக்குத்தாகச் சுழலும் தட்டு எதிரியை மேலே எறியும். எதிர்விசை நிலத்துக்குப் போகும். சிறு பொறிகளில் அது செல்வாக்குப் பெற்றது இதனால்தான். ஆனால் சுழலும்போது ரோபோவைத் திருப்பினால் ஒரு பக்கச் சில்லு நிலத்தைவிட்டு எழும். பம்பரம் சாயாமல் நிற்கும் அதே விதி இங்கே எதிராக நிற்கிறது. திருத்தம் இரு வழியில் நடந்தது: சில்லுகளுக்கிடையிலான தூரத்தைக் கூட்டினார்கள், தட்டின் விட்டத்தைக் குறைத்து உருளையாக்கினார்கள். கவிழ்ந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் இரண்டு விடைகள் வந்தன. சிலர் நிமிர்த்தும் கை வைத்தார்கள். நிறையை மிச்சப்படுத்த நினைத்தவர்கள் சில்லை உடலின் உயரத்தைவிடப் பெரிதாக்கி, தலைகீழாகவும் ஓடும்படி செய்தார்கள்.

கவசத்தில் கடினம் வெல்லும் என்றுதான் எல்லோரும் முதலில் எண்ணுவார்கள். பேர்ஸ்பெக்ஸ் பலகை முதல் அடியிலேயே சிதறும். அலுமினியம் வளைந்து சில்லைப் பிடித்துக்கொள்ளும். தைத்தானியம் நல்லது, விலை அதிகம். சமையலறையில் காய்கறி நறுக்கும் பலகையின் பொலிஎதிலீன் சிறு ரோபோக்களுக்கு நெடுங்காலம் உடலாக இருந்தது, வெட்டுப்படும், உடையாது. அடுத்த பாய்ச்சல் முப்பரிமாண அச்சிலிருந்து வந்தது. உருக்கிய பிளாஸ்ரிக்கைப் படைபடையாக இடும் முறைக்கு ஸ்கொட் கிரம்ப் பெற்றிருந்த காப்புரிமை 2009இல் காலாவதியானது, அதன்பின் மேசைமேல் வைக்கும் மலிவான அச்சுக் கருவிகள் பெருகின. இறப்பர்போல் வளையும் பொலியுரேதேன் இழையில் அச்சிட்ட முன்தகடு, அடியை வாங்கி வளைந்து பழைய வடிவுக்குத் திரும்புகிறது. இரவில் வரைந்து காலையில் கையில் எடுக்கக்கூடியது. ஒரே பகுதியைத் தடிப்பு மாற்றிப் பல தடவை அச்சிட்டுப் பார்க்க முடிவதே அதன் பலம்.

இவ்வளவுக்கும் பின்னரும் சண்டைகளில் தோற்கடிப்பவை பெரும்பாலும் சின்ன விடயங்கள். அதிர்வில் கழன்ற திருகாணி, ஈயம் சரியாகப் பற்றாத ஒரு வயர், சில்லில் சுற்றிய தூசி. திருகாணிகளில் பூட்டும் பசை இடுவதும், வயர்களை இழுபடாதவாறு தளர்வாகக் கட்டுவதும் புதிய ஆயுதத்தைவிட அதிக வெற்றிகளைத் தந்திருக்கின்றன. முழு மறுவடிவமைப்பு தேவைப்பட்டதும் உண்டு. போல் வென்டிமிக்லியாவின் 'பைட் போர்ஸ்' 2015இல் பட்டில்பொட்ஸை வென்றபோது எதிரியைப் பிடித்துத் தூக்கும் பொறி. சில்லுக்குப் பதில் சங்கிலித் தடத்தில் ஓடியது. வென்ற வடிவத்தைக் கைவிட்டு, சில்லுகளில் ஓடும் நிலைக்குத்துச் சுழலியாக அதை மாற்றிக் கட்டி, 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளிலும் மீண்டும் வென்றார்கள். வெற்றியே ஒரு வடிவத்தை மாற்றக்கூடாததாக ஆக்கிவிடாது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை.

இத்தகைய அறிவைப் பொதுச் சொத்தாக்கியவர்களுள் பிரேசிலின் 'ரியோபொட்ஸ்' அணி முதன்மையானது. ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மார்கோ அன்டோனியோ மெஜியோலாரோ வழிநடத்திய அந்த அணி, பொருள்களின் தேர்வு முதல் மோட்டர்க் கணக்கு வரை தம் பட்டறையில் கற்றதை நூலாக்கி இலவசமாக வெளியிட்டது. அதன் இரண்டாம் பதிப்பு 2009இல் வந்தது. இந்தியாவில் மும்பை ஐ.ஐ.டி.யின் 'ரெக்பெஸ்ட்' விழாவில் நடக்கும் ரோபோவோர்ஸ் பல நாட்டு அணிகளை ஈர்க்கிறது. பொறியியல் கல்லூரி விழாக்கள் வழியாகத்தான் இக்கலை தெற்காசியாவில் பரவியது.

இலங்கையில் ரோபோப் போட்டிகளுக்குத் தளம் பல்கலைக்கழகங்களே. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலத்திரனியல் தொலைத்தொடர்பாடல் பொறியியல் துறையைச் சார்ந்த 'ஸ்ரீ லங்கா ரோபோட்டிக்ஸ் சலன்ஜ்', மாலபேயில் எஸ்.எல்.ஐ.ஐ.ரி. நடத்தும் 'ரோபோபெஸ்ட்' ஆகியவை கோடு தொடர்தல், சிக்கல் வழியில் பாதை காணல், பொருளைத் தேடி எடுத்தல் போன்ற தானியங்கிப் பணிகளில் மாணவரைப் பயிற்றுவிக்கின்றன. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு அறிமுகமானபின் பாடசாலைகளிலும் இந்த ஆர்வம் கூடியது. உணரியையும் நிரலையும் இப்போட்டிகள் நன்றாகக் கற்பிக்கின்றன. அடிதாங்கும் உடலைக் கட்டும் பொறியியல், முறிவைப் படித்துத் திருத்தும் பழக்கம் ஆகியவற்றைச் சண்டை ரோபோவே கற்பிக்கும்.

கொழும்பின் நிலவமைப்பு இதற்கு வாய்ப்பானது. கொட்டாஞ்சேனைக்கு அருகிலேயே புறக்கோட்டை. அதன் முதலாம் குறுக்குத் தெரு இலத்திரனியல் பொருள்களுக்குப் பெயர்பெற்றது. வெள்ளவத்தையில் ஏறினால் காலி வீதியில் 100ஆம், 101ஆம் இலக்கப் பேருந்துகள் வடக்கே புறக்கோட்டைக்கும் தெற்கே மொறட்டுவைப் பக்கத்துக்கும் போகின்றன. அயலிலுள்ள பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா கணினிக்கும், கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசா கைத்தொலைபேசிக்கும் பெயர்போனவை. கைத்தொலைபேசிப் பலகையில் மயிரிழை அளவான இணைப்பை ஈயம் வைத்துப் பற்றவைக்கும் கைகளுக்கு 150 கிராம் ரோபோவின் வயர் வேலை பெரிதல்ல. பழுதுபார்க்கும் இந்தத் திறமை இங்கு நெருக்கடியில் ஊறியது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கப்பட்டிருந்த காலத்தில் பழைய வானொலியைப் பிழைக்கவைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1983 யூலையில் இந்நகரின் தமிழர் கடைகளும் தொழிலிடங்களும் எரிக்கப்பட்டன. 1990களில் வடக்கின்மேல் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் சாதாரண ரோர்ச் பற்றரியும் தடைப்பட்ட பொருளாயிருந்தது. வடக்கிலிருந்து வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பற்றரியையும் மோட்டரையும் விளையாட்டுப் பொருளாகக் காணாத தலைமுறையின் வாரிசுகள். அந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டிய கடமை பாடசாலைகளுக்கு உண்டு.

தடைகள் இன்றும் உள்ளன. லிதியம் பொலிமர் உட்பட, தனியே அனுப்பப்படும் லிதியம்-அயன் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் உலகெங்கும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. சரக்கு விமானத்திலும் 30 வீதத்துக்கு மேல் மின்னேற்றம் இருக்கக்கூடாது. தீவொன்றில் வாழ்பவருக்கு இது தாமதமும் செலவும் ஆகும். 2020இலும் 2022 நெருக்கடியிலும் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகள் அதைக் கூட்டின. ஆதலால் இங்கு கட்டப்படும் பொறி, உள்ளூரில் வாங்கக்கூடிய மோட்டரையும் நறுக்கும் பலகையையும் மையமாக வைத்து, வெளிநாட்டுப் பாகம் மிகக் குறைவாக வேண்டும்படி அமைக்கப்பட வேண்டும். உடைந்ததை அன்றே மாற்ற முடியாவிட்டால் சிறு பிரிவின் பெறுமதி போய்விடும்.

தொடங்க நினைக்கும் பாடசாலைக் கழகங்கள் 150 கிராமில் தொடங்கட்டும். முதலில் தடித்த பொலிகாபனேற்றுப் பலகையால் மேற்புறமும் மூடிய களப்பெட்டியைக் கட்டுங்கள், பேர்ஸ்பெக்ஸ் வேண்டாம். பற்றரி மின்னேற்றும் இடத்தில் மணல் வாளி ஒன்றும் அருகில் வளர்ந்தவர் ஒருவரும் இருக்கட்டும். முதல் பருவத்தில் ஆயுதமில்லாத ஆப்புப் பொறிகளை மட்டும் ஓடவிடுங்கள். ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் எது முறிந்தது என்று மாணவரே எழுதி வைக்கட்டும். சுழலும் ஆயுதத்தை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.